கயிறில்லாப் பம்பரம்

வடஇலங்கையின் வன்னியில், வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கும் மடுவில் ஓகஸ்ட் திருநாளுக்கும் போடப்படும் விளையாட்டுச் சாமான் கடைகளில், கச்சான் கடை தாண்டியதும் அந்த அட்டை தொங்கும். அட்டையில் ஒரு பிளாஸ்ரிக் பம்பரம், அதைப் பூட்டிச் சுழற்ற ஒரு கைபிடி, ஓரமெல்லாம் பல் வெட்டிய நீள நாடா. நாடாவைக் கைபிடிக்குள் செருகி ஒரே இழுவையில் உருவினால் பம்பரம் கழன்று விழுந்து சுழலும். பிள்ளைகள் பேபிளேட் என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். அந்தப் பெயரைக் கடைக்காரர் சொல்லிக் கொடுக்கவில்லை. ரீவியும் கைத்தொலைபேசியும் சொல்லிக் கொடுத்தன.

காட்டூனுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இந்தப் பம்பரத்தைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. கொய்யாக் கட்டையில் ஆணி இறுக்கி, கயிறு சுற்றி, முற்றத்தில் குத்திய அதே பம்பரம்தான் இது. கதை ஒன்று ஏறியதும் அது கடையில் மட்டுமே கிடைக்கிற பொருளாகிவிட்டது.

ஜப்பானில் பெய்கோமா என்றொரு பழைய விளையாட்டு உண்டு. ஆரம்பத்தில் சுருள் சிப்பிக்குள் மண்ணை அடைத்து மெழுகால் மூடிச் செய்தார்கள். பிறகு அதே வடிவத்தை உலோகத்தில் வார்த்தார்கள். ஒரு வாளியின் வாயில் கனத்த துணியைக் கட்டி, நடுவைச் சற்றே தாழவிட்டு, இருவர் கயிறு சுற்றிய பெய்கோமாவை அதன்மேல் எறிவார்கள். சரிவில் இரண்டும் நடுவுக்கு வந்து மோதும். வெளியே தள்ளப்பட்டதும் முதலில் ஓய்ந்ததும் தோற்றது. தகாரா என்ற பொம்மை நிறுவனம் இதைப் பிளாஸ்ரிக்கில் செய்து 1999இல் பேபிளேட் என்று விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு சிறுவர் மாத இதழில் படக்கதை தொடங்கியது. காட்டூன் 2001இல்தான் வந்தது, 51 அத்தியாயங்களுடன். பொருள், படக்கதை, காட்டூன் என்ற இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் காட்டூனின் ஒவ்வொரு காட்சியும் வேறுமாதிரித் தெரியும்.

அந்த முதல் தலைமுறைப் பம்பரம் ஐந்து துண்டுகளால் ஆனது. மேலே நடுவில் படம் ஒட்டிய சிறு வில்லை. அதன் கீழே எதிரியை இடிக்கும் வளையம், அதற்கும் கீழே உலோக எடைத்தட்டு. உள்ளே சுழலியைப் பிடிக்கும் நடுத்துண்டு. கடைசியாக நிலத்தைத் தொடும் முனையோடு கூடிய அடித்தளம். இவற்றில் சுழற்சியை முக்கியமாகத் தீர்மானிப்பன இரண்டு: எடைத்தட்டும் முனையும். எடை விளிம்பில் இருந்தால் சுழற்சி இலகுவில் ஓயாது. முனை கூராக இருந்தால் உராய்வு குறைந்து ஒரே இடத்தில் நின்று நெடுநேரம் சுழலும், தட்டையாக இருந்தால் அரங்கம் முழுக்க ஓடி ஓடி இடிக்கும், சீக்கிரம் களைக்கும். உருண்டை முனை இடியைத் தாங்கி நடுவிலேயே நிற்கப் பார்க்கும். தாக்குவது, தாங்குவது, நீடிப்பது என்று கதை பிரித்துச் சொல்வது பெரும்பாலும் இந்த முனை வேறுபாட்டைத்தான்.

ஐந்து துண்டிலும் ஆக மலிவானது படம் ஒட்டிய வில்லை. கதை உயிரைக் கொண்டுபோய் வைத்தது அங்கேதான். நீல நாகம், நெருப்புப் பறவை, ஆமை, வெள்ளைப் புலி என்று கிழக்காசியாவின் நாற்றிசைக் காவல் விலங்குகளை எடுத்து, ஒவ்வொரு வில்லைக்குள்ளும் ஓர் ஆவியாகக் குடியேற்றினார்கள். அதனால் கிட்டத்தட்ட ஒரே அமைப்புள்ள நான்கு பம்பரங்கள் நான்கு வேறு பிறவிகளாயின. ஒன்று வைத்திருக்கும் பிள்ளைக்கு மற்ற மூன்றும் தேவைப்பட்டன. கதாநாயகன் தோற்கும் அத்தியாயத்தையும் கவனியுங்கள். தோற்றதும் பம்பரம் உடையும் அல்லது போதாது என்றாகும், துண்டு மாற்றப்படும், புதிய வடிவம் பிறக்கும். அவனது பம்பரத்தின் பெயர் முதலில் டிராகூன் S, பிறகு F, பிறகு V. கதையில் அது வளர்ச்சி, கடையில் அது அடுத்த பெட்டி.

இந்த ஏற்பாடு ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. 1969இல் அமெரிக்காவில் ஹொட் வீல்ஸ் என்ற சிறு கார்களின் பெயரிலேயே ஒரு காட்டூன் ஓடியது. போட்டி நிறுவனமொன்று முறையிட, ஒலிபரப்பு ஆணைக்குழு அந்த நிகழ்ச்சியின் ஒரு பகுதியை விளம்பர நேரமாகக் கணக்கிடச் சொன்னது. அந்தப் பயம் பத்துப் பதினைந்து ஆண்டு நின்றது. 1980களின் முற்பகுதியில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் வாசல் திறந்தது. மேட்டல் நிறுவனத்தின் ஹீ-மேன் என்ற பலசாலி வீரனின் பொம்மைகள் 1982இல் கடைக்கு வந்தன, காட்டூன் 1983 செப்டெம்பரில் வந்தது. முதல் பருவத்தில் 65 அத்தியாயங்கள். கிழமை நாட்கள் ஐந்தும் ஒளிபரப்பினால் சரியாகப் பதின்மூன்று வாரம் வரும், பிறகு முதலிலிருந்து திரும்ப ஓட்டலாம். அக்காலத்துப் பல காட்டூன்கள் 65இல் நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஹீ-மேனில் எனக்குப் பிடித்த விடயம் அதன் சிக்கனம். பொம்மை வார்க்கும் அச்சு எஃகில் வெட்டப்படுவது. செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகும், பிளாஸ்ரிக் மலிவு. ஆகவே ஒரே உடம்பு, ஒரே கைகால்களை வைத்துக்கொண்டு தலையையும் கவசத்தையும் நிறத்தையும் மாற்றி வரிசையாக ஆட்களைச் செய்தார்கள். அவன் ஏறிப் போகும் பச்சைப் புலி, அதே நிறுவனத்தின் பழைய பிக் ஜிம் பொம்மை வரிசைக்காக முன்பே வெட்டிய புலி அச்சில் வார்த்தது. காட்டூன் செய்த பில்மேஷன் நிறுவனமும் அப்படியே: ஓடுவது, திரும்புவது, குத்துவது என்று ஒருமுறை வரைந்த அசைவுகளை அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பப் பாவித்தது. அச்சுக்காரரும் ஓவியரும் ஒரே வறுமையில் ஒரே வழியைக் கண்டார்கள். ஹீ-மேன் உலகத்தில் எல்லாருக்கும் ஏன் ஒரே புஜம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் விடை.

வாகனமாகவும் பொருளாகவும் உருமாறும் இயந்திர மனிதர்களின் கதையான ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே கதை முழுக்க முழுக்க அச்சின் பிழையை மறைக்கவே பாடுபட்டது. 1984இல் ஹஸ்புரோ என்ற பொம்மை நிறுவனம் அமெரிக்காவில் விற்ற முதல் தொகுதிகளில் பெரும்பாலானவை தகாரா நிறுவனத்தின் இரண்டு வெவ்வேறு வரிசைகளிலிருந்து வாங்கிய பொம்மைகள். டயாக்ளோன் வரிசையில் கார்கள் சிறிதாக்கப்பட்ட வாகனங்கள். உள்ளே ஓட்டுநர் இருக்கை உண்டு, ஏனென்றால் ஜப்பானில் அவை மனிதர் ஏறி ஓட்டும் இயந்திரங்கள். மைக்ரோ சேன்ஜ் வரிசையிலோ துப்பாக்கியும் கசெற் பிளேயரும் உண்மைப் பொருளின் அளவு. இரண்டையும் ஒரே கதையில் போட்டதும் அளவு ஒத்துவரவில்லை. எனவே வில்லன் மெகாட்ரொன் துப்பாக்கியாக மாறும்போது உடம்பே சுருங்கவேண்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு ஆள் இல்லை, ஆகையால் இயந்திரங்களுக்கே உயிர் கொடுத்தார்கள். பெயரும் குணமும் வைத்தவர்களில் முக்கியமானவர் மார்வெல் படக்கதை நிறுவனத்தின் பொப் புடியான்ஸ்கி. சாம்பல், கறுப்பு, நீலம் என மூன்று போர்விமானங்களும் ஒரே அச்சு. கதை அவற்றை ஸ்டார்ஸ்கிரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிரேக்கர் என்று மூன்று பேராக்கியது.

1986இல் வந்த ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் திரைப்படத்தில் நல்லவர்களின் தலைவன் ஒப்டிமஸ் பிரைம் சாகிறான். காரணம் கதையில் இல்லை: 1984ஆம் ஆண்டுப் பொம்மைகளை நிறுத்திப் புதிய வரிசைக்கு இடம் விடவேண்டியிருந்தது. பிள்ளைகள் திரையரங்கில் அழுதார்கள், பெற்றோர் கடிதம் எழுதினார்கள், 1987இல் காட்டூனில் அவனை உயிர்ப்பித்தார்கள். அதே நிறுவனத்தின் படைவீரர் பொம்மைகளை வைத்து எடுத்த ஜீ.ஐ.ஜோ படத்தில் சாகவேண்டிய வீரன் டியூக், அந்த அழுகைக்குப் பிறகு மயக்கநிலையோடு தப்பினான். பொம்மைக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு சாவு பிள்ளைகளின் மனதில் உண்மைச் சாவாகவே விழுந்தது என்பதை அந்தக் கணக்கு எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. வியாபாரத்துக்காக எழுதப்பட்ட கதை என்று சொல்லி முழுவதையும் ஒதுக்கிவிட முடியாததற்கு நான் காட்டும் சான்று இந்த அழுகைதான்.

எதிர்ப்பக்கத்தில் குண்டம் என்ற ஜப்பானிய இயந்திரப் போர்க் காட்டூன் இருக்கிறது. 1979இல் தொடங்கிய அந்தக் காட்டூனுக்குப் பணம் போட்டது குளோவர் என்ற பொம்மை நிறுவனம். சிறுபிள்ளைகளுக்கான உலோகப் பொம்மைகளைச் செய்தது. பார்த்தவர்களோ பெரிய பெடியள். சாமான் போகவில்லை, 52 அத்தியாயத் திட்டம் 43இல் வெட்டப்பட்டது. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 144இல் ஒரு பங்கு அளவில், 300 யென் விலையில், தாமே வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் தொகுதியாக விட்டபோது அதே கதை கடைகளை நிரப்பியது. பார்க்கும் வயதும் கையில் பிடிக்கும் வயதும் பொருந்தாவிட்டால் நல்ல கதையும் விழும், பொருந்தினால் விழுந்த கதையும் எழும்பும்.

வன்னிக்கு இந்த ஏற்பாடு ஒருபோதும் முழுதாக வந்ததில்லை, பாதி பாதியாகத்தான் வந்திருக்கிறது. 1990களில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊரில், பற்றரியில் ஓடும் காருக்கு இடமேது. இப்போது தலைகீழ். வீட்டுக் கூரையில் டிஷ், கையில் யூரியூப். 2007இல் தொடங்கிய சுட்டி ரீவியில் டோரா தமிழ் பேசினாள். கதை தாராளமாக வருகிறது, அதற்குரிய அசல் சாமான் வருவதில்லை. வருவது கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஏறிவரும் நகல். டோரா போன்றவை பொம்மையிலிருந்து பிறந்தவை அல்ல. கதை முதலில், அதன் படத்தை அச்சடிக்கும் உரிமை பிறகு. ஆகவே அவை பெரும்பாலும் புத்தகப்பையாகவும் தண்ணீர்ப் போத்தலாகவும் வருகின்றன. பையில் பிழைக்க ஒன்றுமில்லை: தையலையும் சிப்பையும் பார்த்து வாங்கினால் போதும். பேபிளேட் அப்படியல்ல. அது ஓர் இயந்திரம், நகலில் பிழைக்க நிறைய இடம் உண்டு.

நகல் பம்பரத்தில் முதலில் பிழைப்பது எடை. உலோகம் போலப் பளபளக்கும் வளையம் பூச்சடித்த பிளாஸ்ரிக்காகவோ மெல்லிய தகடாகவோ இருக்கும். கையில் வைத்துப் பாருங்கள், பாரம் விளிம்பில் தெரியவேண்டும், நடுவில் அல்ல. இரண்டாவது அச்சுப் பொருத்தம். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் சுழலும்போது தள்ளாடும், தள்ளாட்டம் சுழற்சியைத் தின்னும். இரண்டு விரலுக்கிடையில் முனையையும் தலையையும் பிடித்து மெல்லச் சுற்றி, விளிம்பருகே பேனை நுனியை அசையாமல் வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் வெளியே நிற்கிறது. சைக்கிள் கடையில் றிம் வளைவு எடுக்கும் அதே முறை. மூன்றாவது பல் நாடா. இழுக்கும்போது நாடா கைபிடியின் துவாரத்துக்கு நேர்கோட்டில் வரவேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் பல் பற்சில்லின் மேல் ஏறிச் சீவப்படும். நாலைந்து பல் போனாலே வேகம் பாதியாகும், நாடாவைத் திருப்பிப் போட்டும் பயனில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒரே நுட்பம் இது: கைபிடி பிடித்த கை அசையாது, இழுக்கும் கை நிலத்துக்குச் சமமாகப் போகும்.

2015இல் தொடங்கிய பேபிளேட் பேர்ஸ்ட் வரிசையில் இன்னொரு சங்கதி. இடி வாங்க வாங்க மேல்துண்டு பல்பல்லாகத் திரும்பி, கடைசியில் பம்பரமே சிதறும்படி செய்திருக்கிறார்கள். நகலில் அந்தப் பற்கள் மழுங்கியிருந்தால் முதல் தட்டிலேயே சிதறும், தடித்திருந்தால் ஒருநாளும் சிதறாது. இரண்டிலும் ஆட்டம் கெடும், பிள்ளை தன் கையைக் குறைசொல்லும். குறை கையில் இல்லை என்று பெரியவர் யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒளியும் சத்தமும் வரும் நகல்களில் ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. பென் 10 காட்டூன் பார்த்த பிள்ளை கேட்கும் கைக்கடிகாரத்துக்குள் பொத்தான் பற்றரி இருக்கும். பற்றரி மூடி திருகாணியால் இறுக்கப்படாமல் நகத்தால் திறபடுமானால் அதை வாங்கவேண்டாம். விழுங்கிய பொத்தான் பற்றரி, குறிப்பாக 20 மில்லிமீற்றர் அகல லிதியம் வகை, உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சதையை எரித்துவிடும். வாந்தியெடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீட்டில் ஏற்கனவே அப்படியொன்று இருந்தால் பற்றரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், சத்தத்தைப் பிள்ளையே வாயால் போடும்.

அரங்கம் வாங்கத் தேவையில்லை. சமையலறைத் தாச்சியைத்தான் பலர் முதலில் எடுப்பார்கள், அதன் சரிவு கூடிப்போய் இரண்டு பம்பரமும் அடியில் நெரிபட்டு உடனே ஓயும். சுளகு கண்ணுக்குப் பொருத்தமாய்த் தெரியும், ஆனால் பின்னல் மேடுகள் முனையைத் தடுக்கும். பிளாஸ்ரிக் பேபிளேட்டுக்கு நல்லது ஆழம் குறைந்த அகலமான வழவழப்புத் தட்டு. விளிம்பு உயர்ந்து நடு சற்றே தாழ்ந்த பெரிய தாம்பாளம் பொருந்தும். மரப்பம்பரத்துக்கு இதுவும் ஒத்துவராது. அதற்குப் பெய்கோமா முறையே சரி: அகல வாயுள்ள வாளி அல்லது வெட்டிய பரல், மேலே ஒரு துண்டுத் தறப்பாள், சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்று. நடுவை உள்ளங்கையால் அழுத்தி மூன்று நான்கு சென்ரிமீற்றர் தாழவிட்டு மறுபடி இறுக்கவேண்டும். போரில் இடம்பெயர்ந்து தறப்பாளின்கீழ் வாழ்ந்த வன்னியில் அதற்கு வேறு ஞாபகங்கள் உண்டு. பிள்ளைகள் அதன்மேல் பம்பரம் விடுவது அதற்கு ஒரு நல்ல வேலை.

மரப்பம்பரத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் போகமுடியாது. கொய்யாக் கட்டை செதுக்க இலகு, வெடிக்காது. பாலை பாரமும் கடினமும் கூடியது, நீரில் தாழும், சுழலத் தொடங்கினால் நிற்காது, ஆனால் பிள்ளையின் கத்திக்குப் பணியாது. இரண்டு இஞ்சி ஆணியின் தலையை வெட்டி, அறைவதற்கு முன்னே ஆணியைவிட மெல்லிய துளை போடவேண்டும், இல்லாவிட்டால் கட்டை பிளக்கும் அல்லது ஆணி சரியும். ஆணி நடுவச்சிலிருந்து சற்று விலகினாலும் பம்பரம் குதிக்கும். கொய்யாப் பம்பரம் மிதக்குமானால் ஆணி அறையுமுன் வாளித் தண்ணீரில் படுக்கப் போடுங்கள். பாரமான பக்கம் கீழே திரும்பும், அந்தப் பக்கத்தைச் சீவிக்கொண்டே வந்து, எப்படிப் போட்டாலும் அப்படியே நிற்கும் வரைக்கும் சரிசெய்யலாம். காட்டூனில் எடைத்தட்டு மாற்றுவதாகக் காட்டும் வேலை முழுவதும் இந்த வாளிக்குள் நடக்கும்.

சட்டம் இதில் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர் நிகழ்ச்சியில் விளம்பரத்தை மணித்தியாலத்துக்கு வார இறுதியில் பத்தரை நிமிடம், வாரநாளில் 12 நிமிடம் என்று மட்டுப்படுத்தியது. ஆனால் நிகழ்ச்சியே பொம்மையாக இருப்பதை அது தடுக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டோரையும், சுவீடன் 1991 முதல் தொலைக்காட்சியில் 12 வயதுக்குட்பட்டோரையும் குறிவைத்த விளம்பரங்களைத் தடுக்கின்றன. 2019இல் யூரியூப், பிள்ளைகளின் தரவைச் சேகரித்ததற்காக 170 மில்லியன் டொலர் கட்ட இணங்கியது. இவை எதுவும் பரந்தனில் ஒரு பிள்ளை கையிலிருக்கும் தொலைபேசியில், பெட்டி உடைத்துக் காட்டும் அடுத்த படம் தானாக ஓடுவதை நிறுத்தாது.

ஆனபடியால் என் பார்வை கடைப்பக்கத்தைவிட்டுக் கதைப்பக்கம் திரும்புகிறது. 2008இல் வந்த சோட்டா பீம் என்ற இந்தியக் காட்டூனை எடுங்கள். அதற்கும் சட்டைகள், பைகள், பொம்மைகள் எல்லாம் உண்டு. ஆனால் பீமுக்குப் பலம் கொடுக்கும் பொருள் லட்டு. லட்டுக்கு எஃகு அச்சு இல்லை. அதைப் பார்த்த பிள்ளை அடுக்களைக்குப் போய் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் விளையாட்டு முழுமை பெற்றுவிட்டது. பேபிளேட்டின் ஆவி கடையில் மட்டும் கிடைக்கும் வில்லைக்குள் இருக்கிறது, பீமின் பலம் யாரும் உருட்டக்கூடிய மாவில் இருக்கிறது. தமிழில் பிள்ளைகளுக்குப் படம் வரைகிறவர்கள் வன்னியில் இப்போது இருக்கிறார்கள், ஒரு கணினியும் யூரியூப்பும் போதும். அவர்கள் கதைக்கு முன்னே சாமானை யோசிக்கவேண்டும், பொம்மை நிறுவனங்கள் யோசிக்கிற அதே கண்டிப்போடு. ஒரேயொரு மாற்றம்: அச்சு பிள்ளையின் கையில் இருக்கவேண்டும்.

அப்படி யோசித்தால் சில கட்டுப்பாடுகள் தாமாக வரும். பாத்திரத்தின் நிழலுருவத்தைப் பார்த்தே ஆள் யாரென்று தெரியவேண்டும், ஏனென்றால் பனையோலையில் முகம் வரைய முடியாது. ஒரு ஓலைக்கீற்றை நாலு மடிப்புக்கு மேல் மடிக்கவேண்டிய உருவம் ஏழு வயதுக் கைக்கு அடங்காது. குணத்தை நிறத்தால் பிரிக்கவேண்டாம், சாயம் எல்லா வீட்டிலும் இல்லை. போளை உருளும் சத்தம், ஓலைக் காற்றாடி கிழிபடும் சத்தம் என்று சத்தத்தால் பிரிக்கலாம். அத்தியாயத்துக்கு ஒருமுறை வரும் உருமாற்றக் காட்சியில் செய்முறையே ஓடட்டும்: எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் மடிப்பது, எங்கே முடிச்சு. ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் காட்டியதும் அதுதானே, பொம்மையை எப்படித் திருப்புவது என்ற பாடம்.

வாகனம் வேண்டுமென்றால் நுங்கு வண்டில் தயாராக நிற்கிறது. குடித்து முடித்த ஒரே அளவுக் கோம்பை இரண்டு, அவற்றின் நடுவில் ஊடுருவ ஒரு சாண் நீளக் கம்பு, பிடித்துத் தள்ள இடுப்பளவு கவர்த்தடி ஒன்று. கவரின் இரண்டு கிளையும் கம்பில் இரு கோம்பைகளுக்கும் இடையே பொருந்தும். கம்பின் இரு நுனியிலும் முள் அல்லது ஈர்க்குக் குச்சி செருகாவிட்டால் சில்லு கழன்று ஓடும். இரண்டு மூன்று நாளில் கோம்பை காய்ந்து சுருங்கத் தொடங்கும், துவாரம் விரியும், வண்டில் தள்ளாடும். துண்டுத் துணி சுற்றி இன்னொரு நாள் ஓட்டலாம். பிறகு புதுக் கோம்பை வேண்டும். டிராகூன் தோற்று அடுத்த பெட்டிக்கு வழிவிட்ட இடம், நாங்கள் யோசிக்கும் கதையில் இதுதான்: நாலாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் சில்லு ஆடத் தொடங்கும், அவள் நுங்கு வெட்டும் வளவைத் தேடிப் போகவேண்டும்.